காணும் பக்கமும் கேட்கும் ஆவணமும்

ஓர் ஆவணம் வெளியிடப்பட்டுவிட்டது என்பதனால் மட்டும் அது வாசகரைச் சென்றடைந்துவிட்டதாகக் கொள்ள முடியாது. அச்சுநூல் தோன்றிய காலந்தொட்டே விழிப்புலனற்றோர் இவ்வுண்மையை உணர்ந்து வந்துள்ளனர். திரையிலுள்ள எழுத்தைக் குரலாக்கித் தரும் திரைவாசிப்பான்கள் இந்நிலையை மாற்றவல்லன. அவற்றுள் ஒன்றாகிய, 2006ஆம் ஆண்டு அவுஸ்திரேலியாவில் தொடங்கப்பெற்ற என்.வி.டி.ஏ. விலையின்றியே கிடைக்கின்றது. கருவி கைவந்த பின்னரும், இணைய உலாவியில் ஆவணமொன்றைத் திறக்க முனையும் மாணவர் இடர்ப்படுவது ஏன் என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

முதற்றடை இணைப்பிலேயே தோன்றுகின்றது. திரைவாசிப்பானைக் கையாள்வோர் பக்கமொன்றிலுள்ள இணைப்புகளை மட்டும் பட்டியலாகத் திரட்டிக் கேட்பதுண்டு. 'இங்கே அழுத்துக' என்பது பத்து முறை ஒலிக்குமாயின், பாடத்திட்டம் எது, விண்ணப்பப்படிவம் எது என்பது எவ்வாறு விளங்கும்? ஆவணத்தின் பெயரும் வகையும் இணைப்பின் சொற்களிலேயே அமைதல் வேண்டும். முன்னறிவிப்பின்றிப் புதிய சாளரத்தில் அது திறக்குமிடத்து, பின்செல்லும் கட்டளை பயனற்றுப்போக, வாசகர் வந்தவழியை இழக்கின்றார்.

இரண்டாந்தடை ஆவணத்தின் அமைப்பைச் சார்ந்தது. 1993இல் அடோபி நிறுவனம் அறிமுகஞ்செய்த பி.டி.எவ். வடிவம், அச்சுப்பக்கத்தின் தோற்றத்தை எக்கணினியிலும் மாறாது காக்கும் நோக்குடையது. அதன் வலிமையும் குறைபாடும் இந்நோக்கிலேயே அடங்கியுள்ளன. கண்ணுக்குத் தலைப்பாகத் தோன்றுவது, உரிய அமைப்புக்குறி இல்லாவிடின், செவிக்குத் தலைப்பாவதில்லை. ஒளிவருடியினாற் படமாக மட்டும் சேமிக்கப்பெற்ற பக்கமோ, திரைவாசிப்பானுக்கு வெற்றுப்பக்கமே. அமைப்புக்குறிகளை இடும் வசதி 2001இலேயே இவ்வடிவத்திற் சேர்க்கப்பட்டது. அதற்கான சர்வதேச நியமம் 2012இல் வெளிவந்தது. ஆதலின் குறை தொழினுட்பத்தினுடையதன்று, ஆவணத்தை ஆக்குவோருடையது.

தமிழ் ஆவணங்களில் இக்குறை மேலும் ஆழமானது. பாமினி முதலிய பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் பூட்டியவை. அவ்வெழுத்துருவில் 'அம்மா' எனத் தட்டச்சிட்டதைத் திரைவாசிப்பான் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றே காண்கின்றது. கண்ணுக்குத் தமிழாயிருப்பது காதுக்குத் தமிழாவதில்லை. யுனிகோட் முறையில் ஆக்கப்பட்டாலன்றித் தமிழ்க்குரல் அதனைப் படிக்கமாட்டாது.

ஆவணத்தைத் தரவிறக்கி வேறொரு செயலியில் திறக்கலாமே என்பர் சிலர். உலாவியைவிட அத்தகைய செயலி சிலவேளை நன்கு படிப்பது உண்மையே. எனினும், ஆவணத்தில் இல்லாத அமைப்பை எச்செயலியும் உள்ளவாறு தரவியலாது. படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் செயலிகளோ பிழைபடுவன. மூலத்தைக் கண்டு ஒப்புநோக்க இயலாதவர் அப்பிழையை எங்ஙனம் அறிவார்?

கல்வி நிறுவனங்களில் அனுமதி வழங்குமிடத்து வலுவிழந்தோருக்குப் பாரபட்சம் காட்டலாகாது என்கின்றது இலங்கையின் 1996ஆம் ஆண்டு 28ஆம் இலக்கச் சட்டம். வாயிலைத் திறந்துவிட்டு விரிவுரைக்குறிப்பை மூடிவைப்பது அனுமதியாகுமா? ஆவணத்தை ஆக்குபவர் சில நிமிடங்களிற் செய்யக்கூடியதைச் செய்யாதுவிட, அதன் சுமையை ஒரு மாணவர் பட்டப்படிப்புக் காலம் முழுவதும் சுமக்கின்றார். இது கருணைக்குரிய விடயமன்று, உரிமைக்குரியது.