பாடு: ஏரிக்கரையிலிருந்து சில நாவல்கள்

தமிழில் கடல் நாவல் என்றால் அது தெற்குக் கடல். மணப்பாடு, உவரி, தேங்காய்ப்பட்டணம். கட்டுமரமும் மாதாகோயிலும் பள்ளிவாசலும் உள்ள கரை. அந்தப் பிரதிகளில் எனக்குப் பிடித்தவை பல உண்டு, கீழே சொல்கிறேன். ஆனால் பழவேற்காட்டு ஊர்களில் வேலை செய்யும் தோழர்கள், இளைஞர்களோடு உட்கார்ந்து வாசிக்க நாலைந்து நாவல் சொல்லுங்கள் என்று கேட்டபோது வேறொரு சிக்கல் வந்தது. ஒரு பிரதியை அது வாசிக்கப்படும் இடத்திலிருந்து பிரித்தெடுத்து மார்க் போடுகிற வேலை வாத்தியார்களுடையது. இந்த ஏரிக்கரையில் வைத்து வாசித்தால் எது தாங்கும், எது உதிர்ந்துபோகும்? அப்படித்தான் எல்லாவற்றையும் மறுபடி எடுத்துப் புரட்டினேன்.

சில்காவுக்கு அடுத்தபடி இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி இது. பெரும்பகுதி ஆந்திராவில், தென்முனை மட்டும் திருவள்ளூர் மாவட்டத்தில். டச்சுக்காரர்கள் 1613-இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டி, துணியோடு அடிமைகளையும் கப்பலேற்றிய ஊர். சுற்றுலாக் கையேட்டில் டச்சுக் கல்லறையின் எலும்புக்கூடுகளும் பூநாரைகளும் வரும், வலை வராது. முகத்துவாரத்தை ஒட்டி இறால் கிடைக்கும் இடங்களில் யார், எந்த நாள் வலை கட்டலாம் என்பதைப் பட்டினவர் ஊர்கள் சீட்டுப் போட்டு முறைவைத்துக்கொள்கின்றன. இதற்குப் பெயர் பாடு. இலங்கையில் நீர்கொழும்புக் களப்பிலும் இந்த மாதிரி முறைவைப்பு உண்டு.

இந்தச் சொல்லைக் கொஞ்சம் கவனியுங்கள். பாடு என்றால் துன்பம், உழைப்பு. தெற்கே மீன்பாடு என்றால் கிடைத்த மீன். கிறிஸ்தவக் கரைகளில் ஏசுவின் பாடுகள். இங்கே அது முறை. இன்று உனக்கு, நாளை எனக்கு. கடலைத் தன்னந்தனியாக எதிர்த்து நிற்கும் வீரனுக்கு இந்தச் சொல்லுக்குள் இடமே இல்லை. ஹெமிங்வேயின் கிழவன் இங்கே பிறந்திருந்தால் முறை வருகிறவரை கரையில் உட்கார்ந்து வலை தைத்துக்கொண்டிருப்பான்.

சரி, சீட்டில் யார் பெயர் இருக்கும்? பட்டினவர் ஆண்களின் பெயர். தலித்துகளும் இருளரும் அதே ஏரியில்தான் மீன் பிடிக்கிறார்கள், சீட்டில் பெயரில்லாமல். இருளப் பெண்கள் தண்ணீரில் குனிந்து, ஓலைப் பறியைப் பல்லால் கடித்துக்கொண்டு, சேற்றைக் கையால் தடவி இறால் எடுக்கிறார்கள். பாடு முறையைப் பொதுச்சொத்தின் முன்மாதிரி என்று கருத்தரங்குகளில் புகழ்கிறவர்களுக்கு இந்தப் பல்லும் பறியும் கண்ணில் படுவதில்லை. அதே நேரத்தில், 2018-இல் அதானி குழுமத்தின் கைக்குப் போன காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,110 ஏக்கராக விரிக்கும் திட்டம் வந்தபோது எதிர்த்து நின்றவர்களும் இதே ஊர்க்காரர்கள்தான். அதற்கான பொதுக் கருத்துக்கேட்பு 2021 ஜனவரியிலும் 2023 செப்டம்பரிலும் அறிவிக்கப்பட்டுத் தள்ளிப்போனது. வெளியிலிருந்து வரும் மூலதனத்திடமிருந்து முறையைக் காப்பாற்றவும் வேணும், முறைக்குள்ளே உட்கார்ந்திருக்கிற சாதியைக் கேள்வி கேட்கவும் வேணும். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிற கதையாடல் எது? என் அளவுகோல் அவ்வளவுதான்.

எல்லாரும் முதலில் நீட்டுவது தகழியின் 'செம்மீன்' (1956). சுந்தர ராமசாமியின் மொழிபெயர்ப்பில் தமிழ் நாவல் போலவே ஆகிவிட்டது. கரையிலிருக்கும் மனைவி ஒழுக்கம் தவறினால் கடலுக்குப் போன புருஷன் திரும்பமாட்டான் என்ற நம்பிக்கைதான் அதன் முதுகெலும்பு. ஒரு வாசிப்பின்போது மீன் விற்கும் அம்மா ஒருவர் குறுக்கிட்டார்: "ஏன் தம்பி, சுனாமியில கரையில இருந்தவங்கதானே போனாங்க? அப்ப கடல்ல இருந்த ஆம்பளைங்க இன்னா தப்பு பண்ணாங்களாம்?" அரை நூற்றாண்டு விமர்சனத்தில் நான் படித்த எதுவும் இவ்வளவு சுருக்கமாக அந்தத் தொன்மத்தைக் கட்டுடைத்ததில்லை.

அதனால் 'செம்மீ'னைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. கற்புக் கதைக்கு அடியில் இன்னொரு நாவல் கிடக்கிறது. தோணியும் வலையும் வாங்க உரிமை வலைக்காரனுக்கு மட்டும் என்பது அந்தக் கரையின் வழக்கம். செம்பன்குஞ்சு முக்குவன். துறை அரயனுக்குக் கொடுக்க வேண்டிய மரியாதையைக் கொடுக்காமல், பரீக்குட்டியின் பணத்தில் தோணி வாங்குகிறான். ஆக, தண்ணீர் யாருக்கு, தொழில் கருவி யாருக்கு என்ற கேள்வி முதல் அத்தியாயங்களிலேயே எழுந்துவிடுகிறது. பிறகு காதல் வந்து அதை மூடிவிடுகிறது. 1965-இல் வந்த படமும் பாட்டுகளும் மிச்சத்தையும் மூடின. கருத்தம்மாவை விட்டுவிட்டு அவள் அப்பனைப் பின்தொடர்ந்து வாசித்துப் பாருங்கள், நாவல் வேறாகத் தெரியும்.

வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' (1977) பற்றி நிறையப் பேசியாயிற்று. வல்லத்துக்கும் லாஞ்சுக்கும் இடையிலான பகையை அவ்வளவு மெல்லிய குரலில் சொன்ன நாவல் வேறில்லை. ஆனால் அந்த மென்மையில் ஒரு வசதி இருக்கிறது. எல்லார் மீதும் அன்பு பொழிவதால் யார் மீதும் கோபம் வருவதில்லை. ஆனாலும் பிலோமிக்காகச் சிபாரிசு செய்வேன். சாமிதாஸ் கைவிட்ட பிறகு கடல் அவளைத் தண்டிக்கவில்லை, ஆசிரியரும் தண்டிக்கவில்லை. கருத்தம்மாவுக்குக் கிடைக்காத சலுகை அது. ராஜம் கிருஷ்ணனின் 'அலைவாய்க் கரையில்' (1978) கலைரீதியாகத் தட்டை, கள ஆய்வுக் குறிப்புகள் துருத்திக்கொண்டு நிற்கும். நம்ம ஆட்கள் அதைச் சொல்லியே ஒதுக்கிவிட்டார்கள். கோயில் வாங்கும் வரிக்கு எதிராக மீனவர் கொதிப்பதை எழுத அந்தக் காலத்தில் வேறு யார் வந்தார்கள்? தோப்பில் முஹம்மது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' (1988) முதலாளி வீட்டு முற்றத்திலிருந்து பார்க்கிற கடல். பழவேற்காட்டு முஸ்லிம் மீனவர்கள் அதில் தங்களைத் தேடினால் ஓரத்தில்தான் கிடைப்பார்கள்.

ஜோ டி குரூஸின் 'ஆழி சூழ் உலகு' (2004) வந்தபோது மொழியே ஒரு நிகழ்வாக இருந்தது. சேதமான மரத்தைப் பற்றிக்கொண்டு நடுக்கடலில் மிதக்கும் மூன்று பேர், அவர்கள் நினைவின் வழியாக ஆமந்துறையின் மூன்று தலைமுறை. வெளியாள் எழுதினால் விளக்கம் வரும், உள்ளாள் எழுதினால் பேச்சு வரும் என்பதற்கு அந்த நாவலைக் காட்டலாம். ஆனால் வடகரை இளைஞர்களுக்கு அந்த வட்டார வழக்கு சென்னை வாசகனுக்கு எவ்வளவு கஷ்டமோ அவ்வளவு கஷ்டம். மீனவர் மொழி என்று ஒன்று இல்லை என்பதை அன்றைக்குத்தான் எல்லாரும் பேசினோம். அப்புறம், அது ஆழ்கடல் வீரத்தின் காவியம். முழங்கால் தண்ணீரில் தடவிப் பிடிக்கிறவளுக்குக் காவியத்தில் என்ன வேலை?

என் அளவுகோலுக்கு மிக நெருங்கி வந்தது வங்காள நாவல். அத்வைத மல்லபர்மன் எழுதிய 'தீதாஷ் ஒரு நதியின் பெயர்'. கல்பனா பர்தனின் ஆங்கில மொழிபெயர்ப்பில் வாசித்தேன். அத்வைத 1914-இல் மாலோ என்ற மீனவச் சாதியில் பிறந்தவர். கல்கத்தாவில் பத்திரிகை வேலை பார்த்தார், 1951-இல் காசநோயில் இறந்தார், நாவல் புத்தகமானது 1956-இல். ரித்விக் கட்டக் 1973-இல் படமாக்கினார். 'செம்மீன்' வந்த அதே வருஷத்தில் வந்த மீனவச் சாதிக்காரனின் நாவலை நாம் கண்டுகொள்ளாமல் போனதற்கு நம் இலக்கிய அரசியலில்தான் காரணம் தேட வேண்டும்.

தீதாஷ் சாதாரண ஆறு. புயல் கிடையாது, சுறா கிடையாது. மாலோக்கள் அதில் வலை போடுகிறார்கள், பாடுகிறார்கள், விரதம் இருக்கிறார்கள், சண்டை போடுகிறார்கள். மூழ்கப்போகும் ஒரு முஸ்லிம் விவசாயியின் கிழங்குப் படகை மாலோக்கள் காப்பாற்றுகிற பகுதி ஒன்று போதும், இந்த மனிதன் எப்பேர்ப்பட்ட எழுத்தாளன் என்று சொல்ல. நாவலின் கடைசிப் பகுதியில் ஆறு தூர்ந்துபோகிறது. நடுவில் மேடு எழும்புகிறது. தண்ணீராக இருந்தவரை மாலோக்களுடையது, மண்ணான மறுநாள் நிலம் வைத்திருக்கிறவர்களுடையது. ஊர் பட்டினியில் கலைகிறது. வெளி ஆதிக்கத்தை மட்டும் காட்டிவிட்டு அத்வைத தப்பித்துக்கொள்வதில்லை. தங்கள் பாட்டுகளை விட்டு நகரத்து ஜாத்ராவின் பின்னால் போய் ஊர் இரண்டாகப் பிளந்ததையும், பெண்களை நடத்திய விதத்தையும் அதே கையால் எழுதுகிறார். தன் சாதியின் மேல் இரக்கம் உண்டு, சலுகை கிடையாது. பசந்தி என்ற விதவையின் கோபம் நாவலை விட அகலமானது.

அந்தத் தூர்ந்த ஆற்றைப் பழவேற்காட்டில் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. முகத்துவாரத்தில் மணல் அடைத்து, படகு போக முடியாமல், ஏரியில் இறால் வரத்துக் குறைவதைப் பார்த்தவர்கள். ஆங்கிலத்திலிருந்து வாய்மொழியாகத் தமிழாக்கிச் சொல்லிக்கொண்டே போனோம். வங்காளப் பெயர்கள் நாக்கில் புரளவில்லை, ஆளுக்கு ஒரு உள்ளூர்ப் பெயர் வைத்துக்கொண்டார்கள். மேடு எழும்பின இடத்தில் ஒரு பையன் கேட்டான்: "அந்த மேட்டுக்கு யார் பேர்ல பட்டா?" பின்னாலிருந்த இன்னொருவன், அவன் இருளர் குடியிருப்பிலிருந்து வந்தவன், கேட்டான்: "தண்ணியா இருக்கும்போது மட்டும் எல்லாரும் எறங்கலாமா?" கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. எனக்குத் தெரிந்து இந்த நாவலின் மேல் எழுதப்பட வேண்டிய கட்டுரை அந்த இரண்டு கேள்விக்கு நடுவில் இருக்கிறது.

மாணிக் பந்தோபாத்யாயின் 'பத்மா நதியின் படகோட்டி' (1936) இன்னும் பேர்பெற்றது. மாணிக் பிராமணர், மார்க்சியத்தின் பக்கம் வந்தவர். பசியைப் பற்றி அவருக்குத் தெரியாதது ஒன்றுமில்லை, ஆனால் மீனவர்களை அவர் நுண்ணோக்கி வழியாகப் பார்க்கிறார் என்று எனக்குப் படும். நான் அதைச் சொல்வது ஹுசேன் மியாவுக்காக. ஆளில்லாத தீவு ஒன்றை வாங்கி, கடன்பட்ட படகோட்டிகளை அங்கே குடியேற்றுகிறான், சொர்க்கமா சிறையா என்று கடைசிவரை தெரிவதில்லை. இங்கே தீவின் கதை தலைகீழ். ஸ்ரீஹரிகோட்டாவை 1969-இல் தேர்ந்தெடுத்து, அங்கிருந்த குடும்பங்களை வெளியேற்றி, 1971-இல் முதல் ராக்கெட்டை விட்டார்கள். இப்போதும் ஏவுகிற நாளில் அந்தப் பக்கத்துக் கடலில் இறங்கக்கூடாது என்று அறிவிப்பு வருகிறது.

அதை அடுத்த வாசிப்புக்கு வைத்திருக்கிறோம். தேதி பேசினபோது ஒருவர் சொன்னார்: "ராக்கெட் விடுற நாளாப் பார்த்து வையுங்க சார், அன்னிக்குத்தான் எல்லாரும் கரையில இருப்போம்."