'152' என்று அழுத்தினால் போதுமா?

சட்டம் படிக்க இணையப் புதிர் உதவுமா? பாதி உதவும். சும்மா சொல்லக்கூடாது, கஹூட் திறந்தால் கடைசி வரிசையும் நிமிர்ந்து உட்காருகிறது. ஆனால் அங்கே வேகமாகச் சொன்னால் கூடுதல் புள்ளி. சட்டத்தையோ நிதானமாகத்தான் படிக்க முடியும்.

ஒரு கேள்வியைப் பாருங்கள்: கூட்டரசு அரசியலமைப்பில் தேசிய மொழி பற்றிய பிரிவு எது? 152. அழுத்தியாச்சு, புள்ளியும் வந்தாச்சு. அதே பிரிவின் நிபந்தனை வாசகத்தை எத்தனை பேர் படித்தோம்? அதிகாரப்பூர்வத் தேவைகளைத் தவிர்த்து, வேறெந்த மொழியையும் பயன்படுத்துவதையோ கற்பதையோ கற்பிப்பதையோ தடுக்கக்கூடாது என்று அங்கேதான் இருக்கிறது. தாய்மொழிப் பள்ளிகள் பற்றிய வழக்கில் இந்த வாசகத்தின் பொருளைத்தான் வாதாடினார்கள். பள்ளிகள் அரசியலமைப்புக்கு முரணல்ல என்று 2021இல் உயர் நீதிமன்றமும் 2023இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் தீர்ப்பளித்தன. எண் மட்டும் தெரிந்த மாணவருக்கு இது எப்படிப் புரியும்?

ஆசிரியர்களே, புதிரை விட்டுவிட வேண்டாம். விடைக்கான நேரத்தைக் கூட்டுங்கள். எண்ணைக் கேட்பதற்குப் பதில், 'வார இறுதியில் தமிழ் வகுப்பு நடத்தலாமா? எந்தச் சொல் அனுமதிக்கிறது?' என்று கேளுங்கள். மாணவர்களே, விளையாடி முடித்ததும் அந்தப் பிரிவை ஒருமுறை முழுசாகப் படித்துவிடுங்கள்.