நகைக்கும் ஒரு நிலைக்களன்

நகைச்சுவை எழுத்தை ஆராய்ச்சிக்குரிய பொருளாகக் கொள்ளும் வழக்கம் நம்மிடையே இன்னும் வேரூன்றவில்லை. கவிதையையும் நாவலையும் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகின்றோம்; பகிடியைப் பகிடியென்று தள்ளிவிடுகின்றோம். ஆயின், கல்லூரி மாணவன் ஒருவன் தன் காலத்தைப் பற்றி முதன்முதலாக வெளியிடும் சொந்தக் கருத்து பெரும்பாலும் பகிடியின் உருவிலேயே வெளிவருகின்றது. பரீட்சைத் தாளிலே அவன் எழுதுவது விரிவுரையாளர் எதிர்பார்க்கும் விடை. மாணவர் சஞ்சிகையின் பின்பக்கத்திலே எழுதுவதே அவனது விடை.

இவ்வெண்ணம் எழுவதற்குக் காரணமானவன் என் பழைய மாணவன் ஒருவன். ஹற்றனை அடுத்த தோட்டமொன்றிலே பிறந்து, எம் பாடசாலையிலே உயர்தரம் கற்று, இன்று மலைநாட்டுக்கு வெளியேயுள்ள பல்கலைக்கழகம் ஒன்றிலே பயில்கின்றான். 2022 தொடக்கம் அங்குள்ள மாணவர் சஞ்சிகை ஒன்றிலே பல்கலைக்கழக வாழ்வையும் நாட்டு நடப்பையும் பற்றி அவன் எழுதிவந்த இருபது குறிப்புக்களை விடுமுறையிலே கொண்டுவந்து என் கையிற் கொடுத்தான். “வாசித்துவிட்டுத் திட்டுங்கள், சேர்” என்றான். முதன்முறை வாசித்தபோது சிரித்தேன். இரண்டாம் முறை சில இடங்களிலே மனம் நொந்தது. சிரிப்புக்கும் நோவுக்கும் காரணம் தேடியே இக்கட்டுரையை எழுதலானேன்.

தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டினுள் நகையை முதலில் வைத்தார். எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு பொருள்களிலிருந்து அது பிறக்கும் என்றார். இவற்றை நிலைக்களன் என வழங்குவது உரைமரபு. இவற்றுள் எள்ளலுக்கு உரைகண்ட பேராசிரியர் அதனை இருவகைப்படுத்துவார்: தான் பிறரை எள்ளி நகுதல் ஒன்று, பிறரால் எள்ளப்பட்டவிடத்துத் தான் நகுதல் மற்றொன்று. பல நூற்றாண்டுகளுக்கு முன் செய்யப்பட்ட இப்பாகுபாடு வெறும் இலக்கண நுணுக்கமன்று. நகைப்பவன் எங்கே நின்று நகைக்கின்றான் என்னும் வினா அதனுள் அடங்கியிருக்கின்றது. சமுதாய நோக்கிலே நகைச்சுவையை மதிப்பிடுவார்க்கு முதல் வினா அதுவேயாம்.

நம் நாட்டிலே பல்கலைக்கழகத் தமிழ் நகைச்சுவைக்கு ஒரு வரலாறு உண்டு. பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை மாணவரைக் கொண்டு மேடையேற்றிய நாடகங்கள் சில 1940இலே ‘நானாடகம்’ என நூலுருப் பெற்றன. ‘உடையார் மிடுக்கு’, ‘நாட்டவன் நகர வாழ்க்கை’ முதலிய தலைப்புக்களே அவற்றின் போக்கைப் புலப்படுத்தும். செந்தமிழே மேடைக்குரியது என்றிருந்த காலத்திலே யாழ்ப்பாணத்துப் பேச்சுமொழியை மேடையேற்றி, ஊரதிகாரத்தின் மிடுக்கை ஊரார் மொழியாலேயே நகையாடியது அம்முயற்சியின் சிறப்பு. எள்ளப்பட்டவர் எள்ளும் உரிமையை மொழி அவர்க்கு வழங்கியது.

ஆனால் அச்சிரிப்பிலே மலையகத்துக்குப் பங்கிருக்கவில்லை. 1942இலே கொழும்பில் நிறுவப்பட்ட இலங்கைப் பல்கலைக்கழகம் 1952இலே பேராதனைக்கு வந்தது. 1954இலே அதனை முறைப்படி திறந்துவைக்க வந்த எடின்பரோக் கோமகன், முன்னமே திறந்து நடந்துகொண்டிருந்த நிறுவனத்தை வழக்கத்திலும் அதிகமாகத் திறந்துவைப்பதாகக் கூறினார் என்பது இன்றும் சொல்லப்படும் வேடிக்கை. ஹந்தானை மலையடியிலே அவ்வேடிக்கை நிகழ்ந்தபோது, மலைகளுக்கு அப்பாலிருந்த தோட்டத்துப் பிள்ளைகளின் நிலை யாது? 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவர்தம் பெற்றோரை நாடற்றவராக்கியது. 1949இலே வாக்குரிமையும் போயிற்று. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டு, எஞ்சிய 150,000 பேரைப் பின்னொரு பேச்சுக்கு ஒத்திவைத்தது. தோட்டப் பாடசாலைகள் அரசின் பொறுப்புக்கு வரத் தொடங்கியது 1970களிலேதான். நாடற்றவர் என்னும் பெயர் சட்டப்படி முற்றாக நீங்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் வேண்டியிருந்தது. வழக்கத்திலும் அதிகமாகத் திறந்த கதவினூடே அக்காலத்தில் நுழைந்த தோட்டத்துப் பிள்ளைகள் விரல்விட்டு எண்ணத்தக்கவரே.

ஆகவே, லயத்திலே பிறந்த ஒருவன் பல்கலைக்கழகத்திலே இருந்துகொண்டு அப்பல்கலைக்கழகத்தைப் பார்த்துச் சிரிக்கின்றான் என்பது சிறிய நிகழ்ச்சியன்று. அதற்குப் பின்னால் மூன்று தலைமுறைகளின் வழக்கு இருக்கின்றது.

இனி, அவனது குறிப்புக்களை நோக்குவோம். அவற்றுட் சிறந்தவை தோட்டத்துச் சொற்களால் பல்கலைக்கழகத்தை அளப்பவை. காலை எட்டு மணி விரிவுரை அவனுக்குப் பிரட்டுக்களம். வரவுப் பதிவேடு செக்றோல். எண்பது வீத வரவு இல்லாதவனுக்குப் பரீட்சை மறுக்கப்படுவதைக் கூறுமிடத்து, நிறை குறைந்த கொழுந்துக்கு அரைப்பேர் போடும் வழக்கத்தை நினைவூட்டி, ‘அங்கே அரைப்பேராவது கிடைக்கும்’ என்கின்றான். பழுத்துப்போன குறிப்புக்களை ஆண்டுதோறும் வாசிக்கும் விரிவுரையாளரைப் பற்றி, ‘எங்கள் மலையிலே கவாத்து வெட்டாத தேயிலை மரமாகிவிடும், பறிக்க எட்டாது’ என்கின்றான். இவற்றை வாசிக்கும் நகரத்து மாணவன் சிரிப்பதற்கு முன் சொல்லின் பொருளைக் கேட்டறியவேண்டும். அவ்வாறு கேட்கவைத்ததே எழுதியவனின் வெற்றி.

நாட்டு நடப்பைப் பற்றிய குறிப்புக்களிலும் இத்திறன் காணக்கிடக்கின்றது. 2022இலே எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் நாடு முழுவதும் வரிசையிலே நின்றபோது, அவனுடைய விடுதி நண்பர்கள் பொறுமையிழந்து புலம்பினராம். அவன் எழுதினான்: ‘எனக்குப் பழக்கம் உண்டு. என் வீட்டுக்குப் பெயரே லயன்.’ ஆங்கிலத்திலே வரிசையைக் குறிக்கும் சொல்லே நம் மக்களின் இருப்பிடத்துக்குப் பெயராயிற்று என்னும் வரலாற்றை இதனினும் சுருக்கமாக நான் வகுப்பிலே கற்பித்ததில்லை. சம்பளத்தைப் பற்றிய குறிப்பு இன்னும் கூரியது. நாளொன்றுக்கு ஆயிரம் ரூபா என்னும் கோரிக்கை 2015இலே எழுந்து 2021இலேதான் சம்பள நிர்ணயச் சபையின் வழியாக நிறைவேறியது. ‘பட்டத்துக்கு நாலாண்டு, அம்மாவின் ஆயிரத்துக்கு ஆறாண்டு. இரண்டும் கைக்கு வரும்போது பெறுமதி குறைந்துவிடுகின்றது’ என முடிக்கின்றான். வேலையற்ற பட்டதாரியின் துயரமும் கொழுந்து பறிக்கும் தாயின் துயரமும் ஒரே பொருளாதாரத்தின் இரு முகங்கள் என்பதை இங்கு நகை நிறுவிவிடுகின்றது.

இவ்வளவு திறன் வாய்ந்தவன் வழுக்கிவிழும் இடங்களையும் கூறாதுவிடின் திறனாய்வு பாராட்டுரையாகிவிடும்.

முதலாவது, பகிடிவதையைப் பற்றிய குறிப்புக்கள். தான் முதலாண்டிலே பட்டதை அவன் எழுதும்போது நெஞ்சைத் தொடுகின்றான். ஓராண்டு கழித்து, புதிதாக வந்த கிராமத்துப் பிள்ளையொருவரின் ஆங்கில உச்சரிப்பை அவனே நகைக்கின்றான். பேராசிரியர் கூறிய இருவகையில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு அவன் தாவிவிட்டான். பகிடிவதையைத் தடைசெய்யும் சட்டம் 1998இலேயே இயற்றப்பட்டது. சட்டம் கையைத் தடுக்கலாம். எழுத்திலே தொடரும் வதையைத் தடுக்கவேண்டியவன் எழுதுபவனே.

இரண்டாவது, ‘எல்லாரும் கள்ளர்’ என்னும் பாடல். அரசியல்வாதியும் கள்ளன், தொழிற்சங்கத் தலைவனும் கள்ளன், வேலைநிறுத்தம் செய்பவனும் கள்ளன் என நான்கு குறிப்புக்கள் ஒரே மெட்டிலே செல்கின்றன. இது துணிவுபோலத் தோன்றும். உண்மையிலே சோர்வின் வேடமாகும். எல்லாரும் கள்ளர் எனின் எவரும் பொறுப்பாளியல்லர் என்றாகும். அதனைக் கேட்டு மிக மகிழ்பவன் மெய்யான கள்ளனே. தொழிற்சங்கங்களின் குறைகளை எள்ளுதற்கு உரிமையுண்டு, தேவையுமுண்டு. ஆனால் சந்தாப் பணம் செலுத்தும் தொழிலாளியின் பக்கத்திலே நின்று எள்ளுவதும், விடுதி முகட்டிலே நின்று எள்ளுவதும் ஒன்றாகா.

மூன்றாவது, 2023இலே நிகழ்ந்த நடைபயணத்தைப் பற்றியது. மலையக மக்களின் இருநூறாண்டை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை மக்கள் நடந்தனர். அன்று வந்தவர்களுக்குக் கங்காணி துணை, இன்று நடந்தவர்களுக்குப் படப்பிடிப்பாளர் துணை என அவன் எழுதினான். அவ்வழியிலே நோயாலும் பசியாலும் வீழ்ந்து, பெயரும் பதியப்படாமற் போனவர்களின் நினைவுக்காக முதியவர்களும் வெயிலிலே நடந்தனர். விளம்பரம் தேடியவர் எவரேனும் இருந்திருப்பின் அவரை எள்ளியிருக்கலாம். அம்பு அவரைத் தாண்டி நடந்தவர் காலிலே தைத்துவிட்டது.

இதனை நான் கூறியபோது அவன் ஏற்றுக்கொள்ளவில்லை. “அப்படியானால் அழவேண்டுமா, சேர்? எங்களைப் பற்றி எழுதுகிற எல்லாரும் அழத்தானே செய்கிறார்கள்!” என்றான். அவ்வினாவிலே நியாயம் உண்டு. மலையகத்தை அனுதாபத்துக்குரிய பொருளாகவே காட்டும் எழுத்து நம்மிடம் மலிந்துள்ளது. அழுவதற்கென்றே படைக்கப்பட்ட மாந்தராக நம்மைக் கண்டு கண்டு இளைஞன் சலித்துப்போதல் இயல்பே. சீன எழுத்தாளர் லூ சுன் தமது ‘ஆ கியூ’ கதையிலே நாடோடிக் கூலியாள் ஒருவனை நகைக்கின்றார். தோல்வியையெல்லாம் மனத்துள்ளே வெற்றியாக்கிக்கொள்ளும் அவனது மயக்கம் ஒரு நாட்டின் மயக்கமாக விரிகின்றது. எளியவனை நகைக்கக்கூடாது என்னும் விதியை நான் வகுக்கவில்லை. எளியவனிடம் தொடங்கும் நகை அவனை எளியவனாக்கிய அமைப்பைச் சென்றடைகின்றதா என்பதே என் வினா. அவனுடைய நடைபயணக் குறிப்பு பாதிவழியிலே நின்றுவிட்டது.

இருபதிலும் தலைசிறந்தது பதினேழாவது குறிப்பு. அறைத் தோழர்கள் ஊரைக் கேட்டபோது ‘ஹற்றன் டவுன்’ என்று சொல்லிவைத்ததை அதிலே எழுதுகின்றான். மூன்றாண்டாக டவுனிலே தனக்கொரு வீடு கட்டி, அதற்குக் கடையும் மாடியும் வைத்து, ஒரு பொய்யைக் காக்கப் பத்துப் பொய் சொன்ன கதையை நகைபடச் சொல்லிவருகின்றான். ஒருநாள் மலையிலே நின்றபடி தாய் தொலைபேசியிலே அழைக்கின்றாள். கொழுந்து நிறுக்கும் இடத்துக் கூச்சல் அறைமுழுவதும் கேட்கின்றது. தோழன் அது என்ன சத்தம் என்கின்றான். ‘டவுனிலே இன்று சந்தை’ என்கின்றான் இவன். இதனை எழுதிவிட்டு, ‘அந்தச் சந்தையிலே அன்று விற்கப்பட்டது அம்மாதான்’ என முடிக்கின்றான். இங்கே அவன் எள்ளுவது தன்னையே. ஆயினும், தாயின் தொழிலைச் சொல்ல ஒரு மாணவனை நாணவைக்கும் சமுதாயம் முழுவதும் அந்த அறையினுள்ளே வந்து நிற்கின்றது.

குறிப்புக்களைத் திருப்பிக் கொடுத்தபோது ஓர் அளவுகோலை அவனிடம் கூறினேன். எழுதியதை லயத்து இஸ்தோப்பிலே இருந்து, வேலைவிட்டு வந்தவர்கள் நடுவே உரத்து வாசிக்கமுடியுமா? அவர்கள் சிரிப்பார்களாயின் அது நம் நகை. தலைகுனிவார்களாயின் அது வேறொருவருடைய நகை. என் கணக்கிலே இருபதுள் பதினொன்று தேறும். தாயாருக்கு வாசித்துக் காட்டினாயா என்று கேட்டேன். இல்லையென்றான். பதினேழாவதையா என்று திருப்பிக் கேட்டான். நானும் விடை சொல்லவில்லை.

அவன் அனுமதியுடன் சம்பளத்தைப் பற்றியதையும் பதினேழாவதையும் உயர்தர வகுப்பிலே வாசித்தேன். முதலாவதற்கு வகுப்பு முழுவதும் சிரித்தது. இரண்டாவதற்குத் தொடக்கத்திலே சிரித்தவர்கள் இடையிலே அடங்கிவிட்டனர். வாசித்து முடிந்ததும் பின்வரிசையிலிருந்த மாணவி ஒருத்தி எழுந்து, “சேர், இதை எழுதினவர் எந்தத் தோட்டம்?” என்று கேட்டாள். தோட்டத்தின் பெயரையும் டிவிசனின் பெயரையும் சொன்னேன். “எங்களுக்குப் பக்கத்து டிவிசன்” என்று சொல்லிவிட்டு அவள் அமர்ந்தாள்.