ஹவுஸ்ஒய்ஃப்: வீட்டைச் சுமக்கும் சொல்

கல்லூரிச் சேர்க்கைப் படிவங்களில் 'தாயின் தொழில்' என்ற கட்டத்தில் அதிகம் எழுதப்படும் சொற்களில் ஒன்று ஹவுஸ்ஒய்ஃப். வீடு, மனைவி என்னும் இரண்டு எளிய ஆங்கிலச் சொற்களின் கூட்டு அது. இன்று தமிழ்ப் பேச்சிலும் இயல்பாகப் புழங்குகிறது. ஆனால் அதன் பொருள் எப்போதும் ஒன்றாக இருந்ததில்லை.

இடைக்கால ஆங்கிலத்தில் இச்சொல் வீட்டு நிர்வாகத்தைக் கையில் வைத்திருந்த பெண்ணைக் குறித்தது. இதே சொல் பேச்சில் தேய்ந்து 'ஹஸ்ஸி' ஆனது. பின்னர் அந்தத் தேய்ந்த வடிவம் 'நாணமற்றவள்' என்னும் வசையாக மாறியது. வீட்டை நிர்வகித்தவளின் பெயரிலிருந்தே அவளை ஏசும் சொல்லும் பிறந்துவிட்டது. 18ஆம் நூற்றாண்டில் ஊசி, நூல் வைக்கும் சிறு பைக்கும் ஹவுஸ்ஒய்ஃப் என்றே பெயர். பிரிட்டிஷ் சிப்பாய்கள் இரண்டாம் உலகப் போர்வரை அதைச் சுமந்து சென்றார்கள். போர்க்களத்திலும் அவளுடைய வேலை தேவைப்பட்டது. அவள் பைக்குள் அடங்கும் கருவியானாள்.

'ஹஸ்பண்ட்' என்ற சொல்லுக்குள்ளும் வீடு இருக்கிறது. வீட்டுக்கு உரியவன் என்பதே அதன் பழம்பொருள். ஆனால் அந்த வீடு ஒலியில் கரைந்து மறைந்துவிட்டது. அச்சொல்லின் வழிவந்த 'ஹஸ்பண்ட்ரி' உழவையும் கால்நடை வளர்ப்பையும் குறித்து, அரசுத் துறையின் பெயராகவும் ஆனது. மாடு வளர்ப்பது துறை. பிள்ளை வளர்ப்பது கடமை.

இந்தப் பாகுபாடு கணக்கேடுகளிலும் உண்டு. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இல்லத்தரசிகளைப் பிச்சையெடுப்போர், பாலியல் தொழிலாளர், சிறைக்கைதிகள் ஆகியோருடன் வேலை செய்யாதோர் வரிசையில் வைத்ததை 2010இல் உச்ச நீதிமன்றம் கண்டித்தது. யாரோடு சேர்த்து வைத்தார்கள் என்பது எனக்கு இழிவாகப்படவில்லை. உழைப்பை உழைப்பில்லை என்று எழுதியதுதான் இழிவு. 2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமற்ற வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களையும் ஆண்கள் 97 நிமிடங்களையும் அதற்குச் செலவிட்டார்கள்.

2023இல் உச்ச நீதிமன்றம் வெளியிட்ட பாலினச் சொல் கையேடு, ஹவுஸ்ஒய்ஃப் என்பதற்குப் பதில் 'ஹோம்மேக்கர்' என்று எழுதச் சொன்னது. நல்ல மாற்றம்தான். அதில் உறவுமுறை போய் வேலை வந்திருக்கிறது, இருபாலருக்கும் பொருந்துகிறது. நம் 'இல்லத்தரசி'யோ கிரீடம் சூட்டிவிட்டு வேலையை மறைக்கிறது. அரசி என்றபின் கூலி கேட்க முடியுமா?

ஆனால் சொல்லை மாற்றினால் மட்டும் அந்த 299 நிமிடங்கள் குறைந்துவிடாது. 'இல்லத்தரசன்' என்று சொல்லிப் பாருங்கள், கேட்பவர்கள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு இருக்கும்வரை ஹோம்மேக்கரும் பெண்பால் சொல்தான்.