செய்திமடலுக்கு வராத வகுப்பறை

தமிழ்நாட்டில் ஏதாவது ஒரு பி.எட். கல்லூரியின் செய்திமடலை எடுத்துப் புரட்டுங்கள். அரசுக் கல்லூரியோ, பல்கலைக்கழகத்தின் கல்வியியல் துறையோ, சுயநிதிக் கல்லூரியோ, அடுக்கு ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். முதல்வரின் வாழ்த்துரைக்குப் பிறகு, பேராசிரியர்கள் வாசித்த கட்டுரைகளும் வாங்கிய முனைவர் பட்டங்களும் வரும். ஆசிரியர் தினம், பொங்கல், யோகா தினம் என்று விழாப் படங்கள் நடுப்பக்கங்களை நிரப்பும். ஓய்வுபெறும் அலுவலக உதவியாளருக்குச் சால்வை போர்த்தும் படம் ஒன்று இருக்கும். கடைசிப் பக்கம் முன்னாள் மாணவர் சந்திப்புக்கு.

இந்த வழக்கம் வேண்டியதில்லை என்று சொல்ல வரவில்லை. எல்லாக் கல்லூரிகளையும்விடக் கல்வியியல் கல்லூரிக்குத்தான் இது அதிகம் தேவை என்பது என் கருத்து. பொறியியல் கல்லூரி தன் மாணவர்கள் எந்த நிறுவனத்தில் சேர்ந்தார்கள் என்று சொல்லி ஓரளவு தப்பித்துக்கொள்ளலாம். ஆசிரியரை உருவாக்கும் கல்லூரிக்கு அந்த வழி இல்லை. அது கற்றுக்கொடுத்தது பலித்ததா என்பது ஐந்தாண்டு கழித்து, எங்கோ ஓர் ஊரின் எட்டாம் வகுப்பில், பின்ன எண்கள் நடத்தும் நாற்பது நிமிடத்தில்தான் தெரியும். அந்த வகுப்பறையிலிருந்து கல்லூரிக்குத் திரும்பி வரும் பாதை பெரும்பாலும் முன்னாள் மாணவர் செய்தி ஒன்றுதான். அந்தப் பாதையை நாம் வாழ்த்துச் சொல்லவும் படம் போடவும் மட்டுமே பயன்படுத்துகிறோம் என்பதுதான் என் குறை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் கல்வி நிறுவனங்களுக்கு ஆவணம் சேர்க்கும் பழக்கம் குறைவு. முதல்வர் மாறினால் பழைய கோப்பு எங்கே போனது என்று சொல்ல ஆள் இருக்காது. அப்படிப்பட்ட இடத்தில் ஓர் ஆண்டில் யார் சேர்ந்தார், யார் ஓய்வுபெற்றார், யார் மறைந்தார் என்ற வரிகள் மிஞ்சுவது செய்திமடலில்தான். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த பெண்ணுக்கு, தன் பெயரை அச்சில் பார்ப்பது சின்ன விஷயமல்ல. அந்தப் பக்கத்தை வெட்டி வீட்டுச் சுவரில் ஒட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பல ஊர்களுக்குச் சிதறிப்போன ஒரே வகுப்புத் தோழிகள் ஒருவரை ஒருவர் தேடிக் கண்டுபிடிக்கவும் அது உதவுகிறது.

ஆனால் எதைச் செய்தி என்று தேர்ந்தெடுக்கிறோம் என்பதில்தான் கோளாறு. சென்னை சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியை எடுத்துக்கொள்வோம். 1856இல் அரசு நார்மல் பள்ளியாகத் தொடங்கிய நிறுவனம் அது. டாக்டர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் அங்கே ஆசிரியர் பயிற்சி பெற்றவர். இன்று அவரைப் பற்றி முன்னாள் மாணவர் குறிப்பு எழுதினால் தத்துவப் பேராசிரியர், துணைவேந்தர், குடியரசுத் தலைவர் என்று பதவிகளை வரிசைப்படுத்துவோம். அவர் அங்கே மாணவராக இருந்தபோது உடன் பயின்றவர்களுக்கே உளவியல் வகுப்பு எடுத்தார் என்பதும், 1912இல் வெளிவந்த அவருடைய உளவியல் நூலுக்கு அந்த வகுப்புகள் அடிப்படையாயின என்பதும் பலருக்குத் தெரியாது. ஆசிரியர் கல்லூரி ஒன்றுக்கு எது பெரிய செய்தி? நாட்டின் உயர்ந்த பதவிக்கு ஒருவர் போனது அந்தக் கல்லூரியின் சாதனையா என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியவில்லை. ஒரு மாணவர் சக மாணவருக்குப் பாடம் நடத்தக் கல்லூரி இடம் கொடுத்தது என்பது மட்டும் நிச்சயமாக அந்தக் கல்லூரியின் சாதனை. இன்றைய செய்திமடல் முதலாவதைப் பிடித்துக்கொள்ளும், இரண்டாவதைத் தவறவிடும்.

சென்னைக் கடற்கரைச் சாலையில் இருக்கும் லேடி வெலிங்டன் பயிற்சிக் கல்லூரியின் கதை இன்னும் ஆழமானது. இளம் வயதிலேயே கணவனை இழந்த சகோதரி சுப்புலட்சுமி 1911இல் பட்டம் பெற்றார். குழந்தை விதவைகளுக்கு இல்லம் அமைத்து, ஐஸ் ஹவுஸ் கட்டடத்தில் அவர்களைத் தங்கவைத்துப் படிக்கவைத்தார். 1922இல் தொடங்கிய அந்தப் பயிற்சிக் கல்லூரிக்குத் தலைமை ஏற்றார். வீட்டின் பின்கட்டில் முடங்க வேண்டியவர்கள் என்று ஊர் விதித்த பெண்கள், கையில் சாக்பீஸோடு வகுப்பில் போய் நின்றார்கள். சுப்புலட்சுமியின் வாழ்க்கையை மோனிகா ஃபெல்டன் என்ற ஆங்கில எழுத்தாளர் 1966இல் நூலாக்கினார். அதனால் தலைவியை நமக்குத் தெரியும். அவரிடம் படித்துவிட்டு ஊர் ஊராகப் போன பெண்கள் ஒவ்வொருவரும் எந்தப் பள்ளியில், எப்படிப்பட்ட பெற்றோர்களின் முறைப்புக்கு நடுவில் பாடம் நடத்தினார்கள் என்பது அந்த அளவுக்கு நமக்குத் தெரியாது. முன்னாள் மாணவியர் செய்தி என்ற எளிய வழக்கம் தமிழகப் பெண்களின் சமூக வரலாற்றுக்கே மூலமாகியிருக்கக் கூடிய இடம் அது.

பேராசிரியர் செய்திகளுக்கு வருவோம். ‘பன்னாட்டுக் கருத்தரங்கில் ஆய்வுக் கட்டுரை வாசித்தார்’ என்று ஒரு வரி இருக்கும். என்ன கண்டுபிடித்தார், அது நாளைக்கு வகுப்பெடுக்கப் போகும் மாணவருக்கு எந்த வகையில் உதவும் என்று அடுத்த வரி இருக்காது. தனிமனிதர்களின் புகழாசையைக் காரணமாகச் சொல்வது நியாயமாகாது. 2010இல் பல்கலைக்கழக மானியக் குழு பதவி உயர்வுக்கு மதிப்பெண் முறையைக் கொண்டுவந்தபோது கட்டுரைக்கு இத்தனை, கருத்தரங்குக்கு இத்தனை என்று எண்ணிக்கையே தகுதியாயிற்று. பிறகு அந்த முறை தளர்த்தப்பட்டது. போலி ஆய்விதழ்களைத் தடுக்கக் கொண்டுவந்த கேர் பட்டியலும் 2025இல் கைவிடப்பட்டது. எண்ணும் பழக்கம் மட்டும் போகவில்லை. தேசியத் தர மதிப்பீட்டுக் குழுவான நாக் வரும்போது காட்ட வேண்டுமே என்ற கவலையும் சேர்ந்துகொள்ள, செய்திமடல் வாசகருக்காக எழுதப்படுவது நின்று, கோப்பில் சேர்ப்பதற்காகத் தயாராகிறது. நாக் மதிப்பீட்டில் முன்னாள் மாணவர் ஈடுபாட்டுக்கென்றே தனி இடம் உண்டு. அதில் அவர்கள் தந்த நிதிக்கும் பங்கு உண்டு. சந்திப்பைப் பற்றிய செய்தியில் பீரோவும் குடிநீர் இயந்திரமும் முதலில் வருவது அதனால்தான். பீரோ தேவையில்லை என்று சொல்லவில்லை. கொடுத்தவர் தன் பள்ளியில் என்ன செய்கிறார் என்று ஒரு கேள்வியாவது கேட்டிருக்கலாம்.

அலுவலர்களைப் பற்றி அதிகம் எழுதுவதற்கில்லை, ஏனென்றால் செய்திமடல்களில் அவர்களைப் பற்றி அதிகம் இல்லை. நூலகர், கணக்கர், ஆய்வக உதவியாளர், தூய்மைப் பணியாளர், இரவுக் காவலர் ஆகியோர் ஆயுத பூஜைப் படத்திலும் ஓய்வுபெறும் நாளிலும்தான் தென்படுகிறார்கள். ஒரு மாணவி பரீட்சைக் கட்டணம் கட்டப் பணமில்லாமல் நின்றபோது அலுவலக ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர் என்ன செய்தார் என்பதை எந்த மடலும் எழுதியதாக நான் படித்ததில்லை. பள்ளிக்கூடத்துக்கே போய் வேலை செய்யப் போகிறவர்கள் படிக்கும் இடம் இது. பள்ளி என்பது ஆசிரியர்களால் மட்டும் நடப்பதில்லை என்று அவர்களுக்குக் காட்ட இதைவிட நல்ல வாய்ப்பு ஏது?

முன்னாள் மாணவர் பக்கத்தில்தான் எனக்கு மனம் அதிகம் வலிக்கிறது. செப்டம்பர் 5 அன்று மாநில நல்லாசிரியர் விருதான டாக்டர் இராதாகிருஷ்ணன் விருது பெற்றவர் அங்கே இருப்பார். மாவட்டக் கல்வி அலுவலரானவர் இருப்பார், வெளிநாட்டில் வேலைபார்ப்பவர் இருப்பார். அவர்கள் இருக்க வேண்டியவர்களே. ஆனால் பி.எட். முடித்தவர்களில் எத்தனை பேர் இந்த மூன்று வகைக்குள் வருவார்கள்? மற்றவர்களின் பாதை வேறு. கல்வி உரிமைச் சட்டத்தைத் தொடர்ந்து ஆசிரியர் தகுதித் தேர்வு கட்டாயமானது. 2012 ஜூலையில் தமிழ்நாட்டில் முதல் தேர்வு நடந்தது. ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் எழுதியதில் ஒரு விழுக்காடுகூடத் தேறவில்லை. ஆசிரியர் பயிற்சி நிறுவனங்கள் அனைத்தையும் உலுக்கியிருக்க வேண்டிய முடிவு அது. தேறாதவர்கள் அத்தனை பேரும் ஏதோ ஒரு கல்லூரியின் முன்னாள் மாணவர்கள். கேள்வித்தாள் கடுமையாக இருந்ததா, நேரம் போதவில்லையா, பயிற்சிதான் பலவீனமா என்று அவர்களைக் கூட்டிவைத்துக் கேட்டிருக்க வேண்டும். பின்னர் தேறியவர்களும் வேலைக்காகக் காத்திருந்தார்கள். 2018இல் நியமனத்துக்கு இன்னொரு போட்டித் தேர்வு என்று அரசாணை வந்தது. காத்திருப்பிலேயே வயது போய்விட்டது என்று அவர்கள் சென்னையில் உட்கார்ந்து போராடினார்கள். 2022இல் அரசுப் பள்ளிகளின் காலியிடங்களைப் பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிகமாக நிரப்பியபோது பட்டதாரி ஆசிரியருக்கு மாதம் 10,000 ரூபாய்தான் தொகுப்பூதியம். அந்தச் சம்பளத்துக்கும் போய் அக்கறையோடு பாடம் நடத்தியவர்கள் உண்டு.

இவர்கள் யாரும் கடைசிப் பக்கத்துக்கு வருவதில்லை. தனியார் பள்ளியில் எட்டுப் பீரியடும் நின்றபடி நடத்திவிட்டு வீட்டுக்கு வந்து நோட்டுத் திருத்துகிற பெண் வருவதில்லை. திருமணத்துக்குப் பிறகு வேலையை விட்டுவிட்டு, மாலையில் தெருப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுப்பவரும் வருவதில்லை. பி.எட். வகுப்புகளில் பெண்களே அதிகம் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. அவர்களில் பலர் வேலைக்கே போகாமல் நின்றுவிடுவதும் தெரிந்ததுதான். எப்போது நின்றார்கள், எதனால் நின்றார்கள் என்பது கல்லூரிக்குத் தெரிய வேண்டாமா? விருது வாங்கியவரை மட்டும் கூப்பிடுகிற சந்திப்புக்கு மற்றவர்கள் வரக் கூச்சப்படுகிறார்கள். வராதவர்களைப் பற்றிய தகவல் இல்லாமலேயே போகிறது. அடுத்த ஆண்டு அழைப்பும் அதே சிலருக்குப் போகிறது.

இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. ஆசிரியர் கல்வி பற்றிய நீதிபதி ஜே.எஸ்.வர்மா ஆணையம் 2012இல் சொன்னதை 2020இன் தேசியக் கல்விக் கொள்கை எடுத்துச் சொல்கிறது: தனித்து இயங்கும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர் பயிற்சி நிறுவனங்களில் பெரும்பான்மையானவை உண்மையான பயிற்சிக்கு முயலாமல் பட்டத்தை விற்கின்றன என்பதுதான் அது. அந்தக் கொள்கையின் மற்றப் பகுதிகளோடு எனக்கு உடன்பாடின்மை நிறைய உண்டு. இந்த ஒன்றை மறுக்க முடியவில்லை. இப்போது பட்டம் விற்கும் ஒரு கல்லூரியின் செய்திமடலையும், உயிரைக் கொடுத்துப் பயிற்சி தரும் ஒரு கல்லூரியின் செய்திமடலையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். வேறுபாடு தெரியாது. இரண்டிலும் குத்துவிளக்கு எரியும், இரண்டிலும் பேராசிரியர்கள் பன்னாட்டுக் கருத்தரங்குக்குப் போயிருப்பார்கள். பெயர்ப்பட்டியலை எளிதில் உண்டாக்கிவிடலாம். பொறியியல் கல்லூரிகளில் ஒரே ஆசிரியர் பெயர் பல கல்லூரிகளில் காட்டப்பட்டிருந்தது 2024இல் அம்பலமானதை நாம் பார்த்தோம். ஒரு முன்னாள் மாணவி தன் ஏழாம் வகுப்பைப் பற்றி எழுதும் இரண்டு பக்கத்தை அப்படி எளிதில் உண்டாக்க முடியாது. நல்ல கல்லூரிகள் தங்களை வேறுபடுத்திக் காட்டும் வழியைத் தாங்களே கைவிட்டுக்கொண்டிருக்கின்றன.

அந்த இரண்டு பக்கத்தில் என்ன வரும்? 2014இன் விதிமுறைகளால் பி.எட். இரண்டாண்டுப் படிப்பானது, பள்ளி சார்ந்த பயிற்சி மொத்தம் 20 வாரம் என்றும் ஆனது. நுண்ணிலைக் கற்பித்தல், பாடக்குறிப்பு, ரெக்கார்டு நோட்டு, சார்ட் அட்டை என்று மாணவர்கள் இரவெல்லாம் கண்விழிக்கிறார்கள். வேலைக்குப் போன பிறகு இவற்றில் எது கைகொடுத்தது, எது முதல் வாரத்திலேயே மூலைக்குப் போனது? எண்ணும் எழுத்தும் திட்டம் 2022இல் தொடக்க வகுப்புகளுக்கு வந்தபோது அதற்கான தயாரிப்பு கல்லூரியில் கிடைத்திருந்ததா? சாதிக் கயிறு கட்டி வரும் பையனிடம் எப்படிப் பேசுவது என்று யாராவது சொல்லிக்கொடுத்தார்களா? எழுத்துக்கூட்டத் தெரியாமல் ஒன்பதாம் வகுப்புக்கு வந்துவிட்ட பிள்ளையை என்ன செய்தார்கள்? இந்தக் கேள்விகளுக்கு வகுப்பில் நிற்பவர்கள் எழுதும் பதில்தான் கல்வியியல் கல்லூரியின் உண்மையான ஆய்வுப் பொருள். செயல் ஆராய்ச்சி என்று ஒரு பாடத்தையே வைத்திருக்கிறோம். அதைச் செய்துகொண்டிருப்பவர்களிடம் போய்க் கேட்பதில்லை.

இதற்கு எதிராகச் சொல்லக்கூடியவற்றையும் நான் அறிவேன். செய்திமடல் பொறுப்பு பெரும்பாலும் இளநிலையில் இருக்கும் ஓர் உதவிப் பேராசிரியர் தலையில் விழுகிறது. அவருக்கு வகுப்பு குறைக்கப்படுவதில்லை. கிடைத்த படத்தையும் பட்டியலையும் போட்டு முடிக்கத்தான் அவருக்கு நேரம் இருக்கும். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். தனியார் பள்ளியில் வேலைபார்ப்பவர் உள்ளதை எழுதினால் அவருடைய வேலைக்கே ஆபத்து வரலாம். அவர் கேட்டால் பெயரையும் பள்ளியையும் மறைத்துத்தான் வெளியிட வேண்டும். வேலையில்லாதவரின் நிலைமையை இரக்கத்துக்குரிய கதையாக்கிவிடவும் கூடாது. இவையெல்லாம் கவனமாகச் செய்ய வேண்டிய காரணங்கள். செய்யாமலிருக்க இவற்றைக் காரணமாகச் சொல்ல முடியாது.

அடுத்த இதழைத் தயாரித்துக்கொண்டிருக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். விழாப் படங்களில் ஒரு பக்கத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். பத்தாண்டுக்கு முன் படித்துப்போன ஒருவரை, விருதோ பதவியோ இல்லாத ஒருவரை, தொலைபேசியில் அழையுங்கள். நாங்கள் கற்றுக்கொடுத்ததில் எது பயன்பட்டது, எது பயன்படவில்லை என்று கேளுங்கள். அவர் சொல்வது கல்லூரிக்குப் பெருமை சேர்க்காவிட்டாலும் அப்படியே அச்சிட்டு, முதலாமாண்டு மாணவர்கள் கையில் கொடுங்கள்.