தாமிரபரணியில் கோடைக் குளியல்

பொதிகை மலையில் பிறந்து, சுமார் 128 கி.மீ. ஓடி, புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கும் தாமிரபரணி, தமிழ்நாட்டுக்குள்ளேயே தோன்றி முடியும் வற்றாத நதி. தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழையும் இதற்கு உண்டு. அதனால்தான் முழுப் பரீட்சை முடிந்த மே மாதத்திலும் நெல்லைச் சீமைக் குடும்பங்களுக்கு ஆற்றுக் குளியல் வாய்க்கிறது.

பாபநாசம், அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, நெல்லை குறுக்குத்துறை என வழிநெடுகப் படித்துறைகள். கோடையில் நீர்மட்டம் இறங்கித் தெளிந்திருக்கும். அடியில் கிடக்கும் கூழாங்கல்லின் நிறம்கூடத் தெரியும். கால் நனைத்து உட்கார்ந்தால் குஞ்சு மீன்கள் கூடிப் பாதத்தைக் கொத்தும். கூச்சம் தாளாமல் பிள்ளைகள் காலை இழுப்பார்கள், உடனே மறுபடி நீட்டுவார்கள். பெரியவர்கள் எண்ணெய் தேய்த்து முங்கி எழுவார்கள். குளித்த பசிக்கு மரநிழலில் புளியோதரையும் தயிர்சாதமும் துவையலும் அமிர்தம்.

மேலே அணைகள் இருப்பதால் நீர்வரத்து சட்டென்று கூடலாம். சுழலும் பாசியும் உண்டு. உள்ளூர்க்காரர்களைக் கேட்டு இறங்குவதே நல்லது. சோப்பு, ஷாம்பு உறைகளையும் பழைய துணிகளையும் ஆற்றில் விடாதீர்கள். இந்தத் தண்ணீர்தான் பல ஊர்களுக்குக் குடிநீர்.