பதிமூன்றுக்கு அஞ்சியவரின் இசை

இசையமைப்பாளர் அர்னால்ட் ஷோன்பெர்க்குக்கு 13 என்றாலே ஆகாது. வியன்னாவில் 1874 செப்டம்பர் 13-இல் பிறந்ததையே கெட்ட சகுனமாக எண்ணியவர். தாளக்கட்டங்களுக்கு எண் போடும்போது 13-ஐ விட்டுவிட்டு '12ஏ' என்று எழுதியதுண்டு. கடைசியில் 1951 ஜூலை 13, வெள்ளிக்கிழமையன்று லாஸ் ஏஞ்சலீஸில் இறந்தார். வயது 76, கூட்டிப் பாருங்கள்.

இந்தக் கதை தெரிந்த பலர் அவர் இசையை ஐந்து நிமிடம் கேட்டிருக்க மாட்டார்கள். பன்னிரண்டு ஸ்வரங்களையும் ஒரு வரிசையாக அடுக்கி எழுதும் அவரது 'பன்னிரு ஸ்வர முறை' என்ற பெயரே மிரட்டிவிடுகிறது. அங்கே தொடங்கவே வேண்டாம். 1909-இல் எழுதிய 'ஐந்து ஆர்கெஸ்ட்ரா துண்டுக'ளில் மூன்றாவதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 1912-இல் ஹென்றி வுட் லண்டனில் முதன்முதலாக நடத்தியபோது கேலிச் சீறல் வாங்கிய படைப்பு இது.

இதில் மெட்டு கிடையாது. தேடினால் எரிச்சல்தான் மிஞ்சும். ஐந்து ஸ்வரங்கள் சேர்ந்து மெல்ல ஒலிக்கின்றன: இரண்டு புல்லாங்குழல், ஒரு கிளாரினெட், ஒரு பசூன், அடியில் வயோலா. அடுத்த கணம் அதே ஸ்வரங்களை இங்கிலீஷ் ஹார்ன், இன்னொரு பசூன், ஹார்ன், ட்ரம்பெட், டபுள் பாஸ் வாங்கிக்கொள்கின்றன. ஸ்வரம் அப்படியே நிற்க, நாதத்தின் நிறம் மட்டும் மாறுகிறது. பிறகு ஸ்வரங்களும் ஒவ்வொன்றாக, சத்தமில்லாமல் நகர்கின்றன. ஆதார ஸட்ஜத்தைப் பற்றிக்கொண்டே பழகிய நம் காதுக்கு இங்கே பிடிமானம் இந்த நிறம்தான். ஹெட்ஃபோனில் கேட்பது உத்தமம். பஸ் இரைச்சலில் ஒன்றும் மிஞ்சாது.

அடுத்து, நடத்துனர் ஃபுர்ட்வாங்லர் 1928 டிசம்பரில் பெர்லினில் அரங்கேற்றிய 'ஆர்கெஸ்ட்ரா மாறுபாடுகள்'. பன்னிரு ஸ்வர முறையில் எழுதியதுதான். ஆனால் ஸ்வரங்களை எண்ணிக்கொண்டு உட்காராதீர்கள். ஷோன்பெர்க்கின் மைத்துனர், வயலின் கலைஞர் ருடால்ஃப் கோலிஷ், அவருடைய மூன்றாம் தந்தி நால்வர் இசையின் ஸ்வர வரிசையைக் கண்டுபிடித்து எழுதியபோது, 'சரிதான், ஆனால் அதனால் என்ன பயன்?' என்ற தொனியில்தான் ஷோன்பெர்க் பதில் போட்டார். எண்ணுக்குப் பயந்த மனுஷர், கேட்பவரை எண்ணச் சொல்லவில்லை.

முன்னுரை முடிந்ததும் செல்லோக்கள் மூலக்கருவை வாசிக்கும். அதை மட்டும் இரண்டு மூன்று முறை கேட்டு மனதில் நிறுத்துங்கள். பிறகு ஒன்பது மாறுபாடுகள். இரண்டாவதில் பெரிய ஆர்கெஸ்ட்ரா ஒதுங்கிக்கொள்ள, ஒரு சிலர் மட்டும் நெருங்கி உட்கார்ந்து பேசுவதுபோல் இருக்கும். நாலாவதில் ஹார்ப், செலஸ்டா, மாண்டலின் சேர்ந்து வால்ட்ஸ் நடை போடும், வியன்னாக்காரர் இல்லையா! நடத்துனர் கரயான் பெர்லின் பில்ஹார்மோனிக்குடன் செய்த பதிவில் இந்த இழைகள் தெளிவாகப் பிரிந்து கேட்கின்றன.

அப்போதும் பிடிபடவில்லையா? 1899-இல் எழுதிய 'உருமாறிய இரவு'க்குப் போய்விட்டு வாருங்கள். தந்தி வாத்தியங்கள் மட்டும். மெட்டும் உண்டு, காதலும் உண்டு.